நாடகத்தைப் பள்ளியாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள்



வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி ஆகிய நாடகங்களின் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. நம் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் பலர், திருவிழா இரவுகளில் பாயை விரித்து அமர்ந்து, விடியும்வரை இத்தகைய நாடகங்களைக் கண்டு களித்தவர்கள். மறுநாள் பால்மரம் சீவும்போதும் அவற்றின் பாட்டுகளை வாய்க்குள் பாடிக்கொண்டவர்கள். நாடகங்களின் பெயர் நிலைத்தது. அவற்றை எழுதியவரின் பெயரோ பலர் நினைவில் இல்லை. அவரே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரத் தேவர் தமிழறிந்த புலவர், தாயார் பேச்சியம்மாள். முதலில் தந்தையாரிடமும், பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்ற அவர், இளமையிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் பெற்றார். படித்து முடித்ததும் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக அமர்ந்தார். வாழ்க்கை அப்படியே நிம்மதியாகக் கழிந்திருக்கலாம். ஆனால் உள்ளம் கலையை நாடியது. தமது 24 ஆம் வயதில் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். நடிகரைக் கூத்தாடி என்று இகழ்ந்து ஒதுக்கிய காலம் அது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய கடுமையான வேடங்கள் அவருக்கு நன்கு பொருந்தின. கணீரென்ற குரலும் கண்களில் தெறிக்கும் சினமும் காண்போரை நடுங்கவைத்தன. ஒருமுறை நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்தார். விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, அவ்வுருவைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி விழுந்து உயிர்நீத்தாள் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். அந்தத் துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. வேடம் புனைவதை அன்றோடு துறந்தார் என்பர்.

இதனை ஒத்த செய்தியொன்று கிரேக்க நாட்டிலும் வழங்குகிறது. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் ஏதென்சு நகரில் ஈசுக்கிலசு என்னும் நாடகப் புலவர் வாழ்ந்தார். கி.மு. 458 இல் அவர் பழிவாங்கும் தேவதைகளை மேடையில் தோன்றச் செய்தபோது, குழந்தைகள் மயங்கி விழுந்தனர் என்றும், கருவுற்ற பெண்களுக்குக் கரு கலைந்தது என்றும் பழைய நூலொன்று கூறுகிறது. இரு நாட்டார் சொல்லும் செய்தியும் ஒன்றையே உணர்த்துகிறது. நாடகம் வெறும் பொழுதுபோக்கன்று; நெருப்பைப் போல் கவனமாகக் கையாளப்பட வேண்டிய பெரும் ஆற்றல் அது.

அக்காலக் கிரேக்க நாடகமும் நம் நாடகமும் வேறு வகையிலும் உறவுடையன. அங்கும் தெய்வத் திருவிழாவிலேதான் நாடகம் நடந்தது. மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி அமர்ந்தனர். முகமூடி அணிந்த ஆண்களே பெண்வேடமும் தாங்கினர். குழலிசைக்கு ஏற்பப் பாடகர் குழு ஆடிப் பாடியது. செல்வர் ஒருவர் அக்குழுவின் செலவை ஏற்றார். அவர்கள் காலையில் தொடங்கினர்; நம்மவர் இரவில் தொடங்கி விடியலில் முடித்தனர். அவர்களுக்குக் குழல், நமக்கு ஆர்மோனியமும் மத்தளமும். ஒலிபெருக்கி இரு சாராருக்கும் இல்லை. கடைசி வரிசையில் இருப்பவன் செவிக்கும் சொல் எட்டவேண்டுமெனில், நடிகனின் தொண்டையே துணை. இன்னொரு செய்தியும் உண்டு. நாடகத்தை எழுதிப் பாடகர் குழுவைப் பழக்கியவரை ஏதென்சு மக்கள் ஆசிரியர் என்றே அழைத்தனர். தமிழ் நாடக உலகமும் சங்கரதாஸ் சுவாமிகளை அப்பெயராலேயே போற்றியது.

அந்த ஆசிரியப் பணியை அவர் எளிதில் அடையவில்லை. நாடகத்தை விட்டு விலகித் துறவியாகச் சிலகாலம் ஊர் ஊராகச் சுற்றினார். அந்நாளில் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாக ஏற்று ஆதரித்தார். அவரிடம் தாள நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்து, மீண்டும் நாடக உலகிற்கு வந்தார். அந்நாளைய நடிகர் பலர் பாட்டை மட்டும் மனனம் செய்துகொண்டு, உரையாடலைத் தம் மனம்போனபடி பேசிவந்தனர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பொருந்தாது. சில வேளை மேடையே சண்டைக்களமாகும். சுவாமிகள் பாட்டு, விருத்தம், உரையாடல் அனைத்தையும் வரையறுத்து எழுதி, எழுதியவாறே நடிக்கவேண்டும் என்னும் ஒழுங்கை நிறுவ முயன்றார்.

முதிர்ந்த நடிகர்களிடம் அவ்வொழுங்கு வேரூன்றவில்லை. ஆதலால் அவர் சிறுவர்களை நாடினார். 1918 ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதில் சேர்ந்த சிறுவருள் ஒருவர், அப்போது ஆறே வயது நிரம்பிய டி.கே. சண்முகம். அவருக்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுடன், விளக்கொளியில் அமர்ந்து ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் மறவாத செய்தி.

அச்சபைகளின் வாழ்வு இனிமை மட்டுமே நிறைந்ததன்று என்பதையும் சொல்லவேண்டும். வறுமையினால் பெற்றோரைப் பிரிந்து வந்த சிறுவர்கள் பலர். பகலெல்லாம் பயிற்சி, இரவெல்லாம் நாடகம், தவறினால் தண்டனை. எனினும், பள்ளிக்குச் செல்ல வழியற்ற அச்சிறுவர்களுக்கு நாடகமே பள்ளியாயிற்று. வெண்பாவும் விருத்தமும் அவர்கள் நாவில் பழகின. வல்லினம், மெல்லினம் பிறழாது பேசக் கற்றனர். அச்சிறுவர் சண்முகம், பிற்காலத்தில் ஔவையார் வேடம் தாங்கி, ஔவை சண்முகம் என்று தமிழுலகம் புகழ விளங்கினார்.

1921 ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. பேச்சும் நின்றது. எத்தனையோ சிறுவர்களுக்குச் சொல்லைக் கொடுத்த அந்த நா, ஒரு சொல்லும் சொல்ல இயலாது அடங்கியது. நாடகக் குழு அவரைக் கைவிடவில்லை. தான் சென்ற ஊர்களுக்கு அவரையும் உடன் அழைத்துச் சென்றது. தாம் எழுதிய சொற்களைத் தம் மாணவர் பேச, அவர் மௌனமாக இருந்தார். 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் அவர் ஆவி பிரிந்தது. மணம்புரியாத அவர் வீடு, நிலம் என்று எதனையும் தேடி வைக்கவில்லை. பல நாடகங்களையும், அவற்றைப் பேசும் மாணவர்களையுமே விட்டுச் சென்றார்.

மாணவச் செல்வங்களே! ஆசிரியரின் குரல் ஒருநாள் ஓயும். அவர் கற்பித்த சொல் மாணவன் நாவில் வாழும். இன்று நீங்கள் தமிழ் கற்க வீட்டைத் துறக்க வேண்டியதில்லை. பள்ளி உங்கள் அருகிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு விழா மேடையில் ஏறும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் கேட்குமாறு, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகப் பேசுங்கள். பெற்றோர்களே! படிப்புக் கெட்டுவிடுமோ என்றஞ்சிப் பிள்ளைகளை மேடையிலிருந்து விலக்காதீர்கள். அதுவும் ஒரு வகுப்பறையே. அவ்வகுப்பறையைக் கட்டியெழுப்பிய ஆசிரியரை நாம் மறவாதிருப்போமாக!