தோட்டம் அமைத்த துறவி: முசோ சோசெகி வரலாறு

மூணாற்றுக்கு அப்பால், மலைச்சரிவில் உள்ளதொரு தேயிலைத் தோட்டத்து லயத்திற்கு, சென்ற ஆண்டு மழைக்கு முன்னர்த் தம்ம உரை நிகழ்த்தச் சென்றிருந்தோம். பாலக்காட்டினின்றும் புறப்பட்டுப் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறி மாலைப் பொழுதில் அவ்விடம் சேர்ந்தோம். அன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேட்கை. துன்பத்திற்கு வேர் வேட்கையே என்னும் பகவானின் இரண்டாம் வாய்மையை நமக்குத் தெரிந்த அளவில் விளக்கி முடித்தபின், கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் எழுந்து ஓர் ஐயம் கேட்டார்.

அவர் வீட்டு வாயிலில் ஐந்தாறு முழ அகலத்தில் ஒரு பாத்தி உண்டு. அதில் ஓர் அவரைப் பந்தல், ஒரு மேரக்காய்க் கொடி, ஓரத்திலே செவ்வந்தியும் டேலியாவும். இன்னும் இரண்டாண்டில் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். மண்ணும் தமதன்று, வீடும் தமதன்று, செடி மட்டுமே தமது. பற்றை விடு என்று புத்தர் சொன்னாரென்றால் இப்பொழுதே அந்தப் பாத்தியைக் கொத்தி எறிந்துவிடலாமா ஐயா என்பதே அவர் கேட்டது. எல்லாம் அநிச்சம் அம்மா என்று நாம் ஏதோ மறுமொழி கூறினோம். அவர் தலையசைத்தார். ஆயினும் மனம் நிறையவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நமக்கும் நிறையவில்லை. துறவுக்கும் தோட்டத்துக்கும் உள்ள தொடர்பு என்ன என்று தேடிப் படிக்கத் தொடங்கியபொழுது, இற்றைக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகட்கு முன் ஜப்பான் தேயத்தில் வாழ்ந்த ஒரு பெரியாரின் வரலாறு நம் கைக்கு வந்தது. அதனையே ஈண்டு எழுதுகின்றோம்.

ஜப்பான் இடம் குறுகிய நாடு. ஆயினும் வாயிலில் ஒரு முழம் மண் கிடைத்தவர் அதில் ஒரு கல்லும் ஒரு செடியும் வைப்பர். மண்ணே இல்லாத மாடி வீட்டாரும் சாளரத்தின் ஓரத்தில் தொட்டியேனும் வைத்துப் பசுமையைக் காண்பர். இப்பழக்கம் அரண்மனையிலும் விகாரையிலும் வளர்ந்து வீடுகளுக்கு வந்தது. விகாரையில் அதனை வளர்த்தவருள் முதலில் எண்ணத்தக்கவர் முசோ சோசெகி என்னும் ஜென் பிக்கு.

இவர் 1275ஆம் ஆண்டில் ஈசே நாட்டில் உயர்குடியில் பிறந்தார். குடும்பம் காய் நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. அன்னையார் இவர் நான்கு வயதுச் சிறுவராக இருந்தபொழுதே மறைந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையார் இவரை ஒரு விகாரையில் சேர்ப்பித்தார். 1292ஆம் ஆண்டில் நாரா நகரத்துத் தோதாய்ஜி விகாரையில் துறவு நெறிக்குரிய முறைப்படி சங்கத்தில் சேர்ந்தார். இந்தத் தோதாய்ஜி நமக்கு அயலானதன்று. அங்குள்ள பெரும் புத்தர் திருவுருவத்துக்கு 752ஆம் ஆண்டில் கண் திறக்கும் சடங்கினை நிகழ்த்தியவர் இந்தியாவினின்றும் சென்ற போதிசேனர் என்னும் பிக்கு ஆவார். நம்மவர் பலர் இப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார். பள்ளிப் புத்தகங்களில் இவரை நாம் கண்டதில்லை.

இளம் துறவிக்கு நூற்கல்வி நன்கு வாய்த்தது. ஆனால் தமக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் நோயுற்று, மனம் கலங்கிய நிலையில் வருந்தி இறந்ததை அருகிருந்து கண்டார். இத்துணைச் சாத்திரமும் கற்றவருக்கு இறுதிக் காலத்தில் அவை துணை நிற்கவில்லையே என்னும் கேள்வி அவரைச் சுட்டது. நூறு நாள் தனித்திருந்து தியானம் செய்தார். முடிவில் ஒரு கனவு கண்டார். சீன நாட்டு ஜென் ஆசான்கள் இருவரின் இடங்களுக்குச் சென்றதாகவும், அங்கு ஒரு முதிய பிக்கு தம்மிடம் போதிதருமர் படத்தை ஒப்படைத்ததாகவும் அக்கனவு. போதிதருமரோ தென்னாட்டினின்றும் சீனம் சென்றவர் என்று போற்றப்படுபவர்; காஞ்சியினர் என்பது நம் நாட்டு வழக்கு. அக்கனவிலிருந்தே முசோ என்னும் பெயரை அவர் மேற்கொண்டார். அதன் பொருள் கனவுச் சாளரம். சோசெகி என்பதும் அவ்விரு ஆசான்களின் பெயர்களினின்றும் எடுத்துக் கோத்ததே.

அதன்பின் ஜென் நெறியில் புகுந்து, சீனத்தினின்றும் வந்திருந்த இஸ்ஸான் என்னும் பேராசானிடம் பயின்றார். மாணவருள் முதல்வரென மதிக்கப்பட்டார். ஆயினும் உள்ளம் தெளியவில்லை. பிறர் சொல்லைக் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொள்வது போதாதென்று விலகி, ஊர் ஊராக நடந்தார். 1305ஆம் ஆண்டு ஓர் இரவு. வடகிழக்கே ஒரு சிற்றூரில் மரத்தடியில் நெடுநேரம் தியானத்தில் இருந்துவிட்டு, குடிலுக்குள் இருளில் நுழைந்தார். உறக்கம் கண்ணைச் சுழற்ற, சுவர் இருக்கின்றதென்று எண்ணிச் சாய்ந்தார். அங்கே சுவர் இல்லை. விழுந்தார். விழுந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். இல்லாத சுவரையே இதுகாறும் நம்பிச் சாய்ந்திருந்தோம் என்பது அக்கணத்தில் விளங்கிற்று. அவ்வாண்டே கோஹோ என்னும் ஆசான் அவர்தம் தெளிவை ஏற்று முத்திரையளித்தார். இந்நிகழ்ச்சியை நாம் கூட்டங்களிற் சொல்லும்பொழுதெல்லாம் குழந்தைகள் முதலிற் சிரிக்கின்றனர்; பெரியவர்கள் சற்றுப் பொறுத்துச் சிரிக்கின்றனர்.

அதற்குப் பின் இருபது ஆண்டு அவர் செய்தது ஓட்டமே எனலாம். பெயர் பரவப் பரவ, அதிகாரம் உடையோர் தங்கள் விகாரைக்குத் தலைவராக அழைத்தனர். அவரோ மலைக்குள் மறைந்தார். சென்ற இடமெல்லாம் ஒரு சிறு குடில். எதிரே நீரோ பாறையோ மரமோ இருக்கும் இடமாகப் பார்த்துக் குடில். 1313ஆம் ஆண்டில் மினோ நாட்டில் அவர் தங்கிய இடமே பின்னர் எய்ஹோஜி விகாரையாயிற்று. அங்குக் குளமும் அதன்மேல் வளைந்த மரப்பாலமும் உள்ளன. 1318இல் நாட்டை ஆண்ட ஹோஜோ குலத்தலைவரின் அன்னையார் அழைப்பு விடுத்தபொழுது, கடல் கடந்து தோசா நாட்டுக்கே சென்றுவிட்டார். அங்கும் ஆள் வந்தது. அவரை மறைத்து வைப்போர் தண்டிக்கப்படுவர் என்று ஆணை பிறந்தது என்பர். தம்பொருட்டு ஏழைகள் துன்புறலாகாதென்று திரும்பினார். ஆயினும் பதவியை ஏற்காமல் மீண்டும் கடலோரக் குடில் ஒன்றுக்கே போனார்.

இறுதியில் 1325ஆம் ஆண்டில் கோதைகோ பேரரசரின் ஆணையை மறுக்க இயலாது கியோத்தோ நகரத்து நான்ஜென்ஜி விகாரைக்குத் தலைவரானார். ஓராண்டில் அதனையும் விட்டு நீங்கினார். 1327இல் காமாகுரா நகரில் சுய்சென்ஜி விகாரையை நிறுவி, அதன் பின்புறத்துப் பாறையையே குடைந்து குகையும் நீர்நிலையும் ஆக்கினார். கொண்டுவந்து நட்டது குறைவு. குடைந்து நீக்கியதே மிகுதி. பிற்காலத்தில் மண் மூடிப்போன அத்தோட்டத்தை இருபதாம் நூற்றாண்டில் தோண்டி வெளிக்கொணர்ந்தனர்.

அக்காலம் கொடுமையான காலம். 1333இல் காமாகுரா வீழ்ந்தது. ஹோஜோ குலம் அழிந்தது. பேரரசருக்குத் துணை நின்று பின்னர் அவரையே எதிர்த்த ஆஷிகாகா தகாவுஜி என்னும் படைத்தலைவர் 1338இல் நாட்டின் தளபதியானார். யோஷினோ மலைக்குத் தப்பிய பேரரசர் அங்கிருந்தே போராடி 1339இல் உயிர் நீத்தார். வென்றவரையும் தோற்றவரையும் ஒருங்கே அறிந்தவர் முசோ. இருவரும் அவரை மதித்தனர். இறந்த பேரரசர் இளமையில் வாழ்ந்த அரண்மனை நிலத்திலேயே அவர் நினைவாக ஒரு விகாரை எழுப்ப வேண்டுமென்று தகாவுஜிக்கு முசோ அறிவுறுத்தினார். தாம் வீழ்த்திய பகைவருக்கே வென்றவர் எழுப்பிய விகாரை அது. பொருள் போதவில்லை. ஆகவே 1342இல் சீனத்துக்கு வாணிகக் கப்பல் அனுப்பி, அதன் ஊதியத்தைக் கொண்டு கட்டி, 1345ஆம் ஆண்டில் நிறைவுசெய்தனர். அதுவே தென்ரியூஜி.

அங்குக் குளத்தின் அக்கரையில் மலையடிவாரத்தை ஒட்டிக் கற்களை நிறுத்தி ஓர் அருவி அமைந்துள்ளது. அதன் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கல், நீரை எதிர்த்து ஏறும் கெண்டை மீன் போல நிற்கின்றது. அருவியேறிய மீன் நாகமாக மாறும் என்பது சீனத்துக் கதை. 1358 முதல் 1864 வரை அவ்விகாரை எட்டு முறை தீக்கிரையாயிற்று. மண்டபங்கள் மீண்டும் மீண்டும் புதிதாக எழுந்தன. குளமும் கல்லும் நின்ற இடத்திலே நிற்கின்றன.

1339இலேயே அவர் சீர்திருத்திய மற்றொரு விகாரை சைஹோஜி. நாரா காலத்தில் கியோகி என்னும் பிக்கு அதனைத் தொடங்கினார் என்பது மரபு. மேலே நாம் சொன்ன போதிசேனர் 736இல் கப்பலிலிருந்து இறங்கியபொழுது எதிர்கொண்டு வரவேற்றவர் அதே கியோகிதான். சிதைந்து கிடந்த அவ்விடத்தில் முசோ கீழே ஒரு குளத் தோட்டமும், மேலே மலைச்சரிவில் நீரே இல்லாத கல்லருவியும் அமைத்தார். மேல்தோட்டத்தில் தியானத்திற்கென ஒரு தட்டைக் கல் உண்டு. இவற்றுள் எது அவர் கையால் அமைந்தது, எது பின்னோர் சேர்த்தது என்று ஆராய்வோர் வாதிடுகின்றனர். நமக்கு அவ்வாதத்தில் நாட்டமில்லை.

இன்று சைஹோஜியை உலகம் பாசிக் கோயில் என்றே அழைக்கின்றது. நூற்றிருபது வகைப் பாசி அங்கு உண்டென்பர். ஆனால் முசோ பாசியை வளர்க்கவில்லை. அவருக்கு நெடுங்காலம் பின்னர், போரும் வெள்ளமும் வறுமையும் விகாரையைக் கவனிப்பாரற்றதாக்கிய காலத்தில், ஈரத்தில் தானே படர்ந்தது அது. இடுக்கி மலையில் வாழும் நம் மக்களுக்குப் பாசி என்றால் வழுக்கும் பொருள்; ஆனி ஆடியில் சுண்ணாம்பு இட்டுச் சுரண்டி எறியும் பொருள். அங்கோ உதிர்ந்த இலைகளை மட்டும் துடைப்பத்தால் மெல்லப் பெருக்கி, பாசியை அப்படியே விட்டுவைத்தனர். மிதிபட்டுத் தேய்வதைக் கண்டு 1977 முதல் முன்னரே எழுதி விண்ணப்பித்தவரை மட்டும் உள்ளே விடலாயினர்.

பிக்குவுக்குத் தோட்டம் ஏன் என்று அக்காலத்தவரும் கேட்டிருக்கின்றனர். தகாவுஜியின் தம்பி ததாயோஷியுடன் அவர் நிகழ்த்திய வினா விடைகள் 1344இல் அச்சேறின. சீனம் அறியாதாரும் படிக்குமாறு ஜப்பானிய நடையிலேயே எழுதப்பட்டவை. அதில் தோட்டத்தை விரும்புவோரை அவர் பிரித்துக் காட்டுகின்றார். பிறர் புகழ வேண்டுமென்று அமைப்போர் உளர். அரிய கல்லையும் மரத்தையும் உடைமையாகச் சேர்ப்போர் உளர். மூங்கிலையும் நீரையும் தோழராகக் கொண்டு மனத்தைத் தூய்மை செய்துகொள்வோரும் உளர். புல்லும் கல்லும் தம்மின் வேறல்ல என்று கண்டு, அவற்றின் வாயிலாகவே நெறியில் நிற்போரும் உளர். ஆகவே தோட்டம் நன்றென்றும் தீதென்றும் ஒரு சொல்லில் கூறுதல் தகாது. மலைக்கும் நீருக்கும் ஊதியமும் இழப்பும் இல்லை, அவை காண்பவன் நெஞ்சிலேயே உள்ளன என்பது அவர் முடிபு.

நாம் ஒரு நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தவர்கள். ஆலை வாயிலில் ஒரு வேம்பு நின்றது. பஞ்சுத் தூசி படிந்த தலையோடு அதன் கீழ் அமர்ந்தே மதியச் சோறு உண்போம். கட்டடம் பெருக்குவதற்காக ஒரு நாள் அதனை வெட்டினர். மறுநாள் முதல் தண்ணீர்த் தொட்டியருகே நின்றபடி உண்டோம். அந்த வேம்பு எவருடைய உடைமையும் அன்று. ஆயினும் இழப்பு நெஞ்சில் இருந்தது. முசோவின் சொல்லை இந்த இடத்தில் வைத்தே நாம் விளங்கிக்கொண்டோம்.

அவருடைய கடைசி ஆண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. தகாவுஜியும் ததாயோஷியும் 1350இல் ஒருவரோடொருவர் போர் தொடுத்தனர். இருவருக்கும் ஆசானாகிய முசோ சமாதானம் செய்ய முயன்றும் பகை தீரவில்லை. 1351ஆம் ஆண்டு கியோத்தோவில் ரின்சென்ஜி விகாரையில், அவர்கள் கணக்கில் எழுபத்தேழாம் வயதில் மறைந்தார். மறுவருடம் ததாயோஷியும் இறந்தார். முசோவுக்கு இருந்த மாணாக்கர் பதின்மூவாயிரத்திற்கு மேல் என்று ஏடுகள் கூறும். ஏழு பேரரசர்கள் அவருக்கு நாட்டின் ஆசான் என்னும் பட்டம் அளித்தனர். சில அவர் மறைந்தபின் வந்தவை.

இவ்வளவில் நிறுத்தினால் வரலாறு முடிந்துவிடும். ஆனால் நம் வாசகர் ஒரு கேள்வி கேட்பர். அத்துணைப் பெரிய கற்களைப் புரட்டியவர் யார்? முசோவின் தோட்டங்களில் தோள் கொடுத்தவர் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் கிடைக்கின்றன. ஆற்றங்கரையில் ஒதுக்கி வைக்கப்பட்டு, ஆற்றங்கரையார் என்றே இழித்துரைக்கப்பட்ட ஒரு மக்கள் ஜப்பானில் இருந்தனர். செத்த மாட்டை உரிப்பதும் தோல் பதனிடுவதும் கிணறு தோண்டுவதும் அவர்தம் தொழில். தோட்டத்து மண்வேலையும் கல்வேலையும் அவர்மேல் விழுந்தன. அவர்களுள் ஜென்னாமி என்பார் தோட்டக் கலையில் நாட்டின் முதல்வராக உயர்ந்தார். முசோவின் சைஹோஜியை மாதிரியாகக் கொண்டு தமக்கு மாளிகை கட்டிய ஆஷிகாகா யோஷிமாசா தளபதி, ஜென்னாமி நோயுற்றபொழுது மருந்து அனுப்பினார். ஜென்னாமி 1482இல் மறைந்தார்.

அவர் பேரன் மதாஷிரோவும் தோட்டம் அமைப்பவரே. 1489இல் ஒரு ஜென் பிக்கு தம் நாட்குறிப்பில் அவரைப்பற்றி எழுதிவைத்தார். உயிர் கொல்லும் தொழிலோர் குடியில் பிறந்ததற்காக மதாஷிரோ மனம் வருந்தினாராம். ஆகையால் எவ்வுயிரையும் கொல்வதில்லை, பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று உறுதி பூண்டாராம். பிறப்பால் இழிந்தவர் என்று ஊர் தள்ளிய ஒருவர், பஞ்சசீலத்தின் முதல் சீலத்தைத் தம் உயிராகக் காத்து நின்றார். அவர் குலத்தவர்க்கிருந்த இழிபெயரைச் சட்டம் நீக்கியது 1871இல்தான். சட்டத்திற்குப் பின்னும் வழக்கம் எளிதில் நீங்கவில்லை. அது எப்படியென்று நாம் எவரிடமும் கேட்டறிய வேண்டுவதில்லை.

மழை ஓய்ந்தபின் மறையூர் வழியாக மீண்டும் அந்த லயத்திற்குச் செல்ல இருக்கின்றோம். அம்மையாருக்கு இன்னும் ஓராண்டுப் பணி உள்ளது. பாத்தியைக் கொத்தி எறிய வேண்டாம் என்று சொல்வோம். முசோவின் கதையைச் சொல்வோம். மதாஷிரோவின் கதையை அதனினும் விரித்துச் சொல்வோம். வரும்பொழுது அவரிடம் முளைவிட்ட மேரக்காய் ஒன்று கேட்டு வாங்கி வருவதாகவும் எண்ணம். சித்தூர் வெயிலில் அது பிழைக்குமா என்பது வேறு.