கண்ணைக் காப்பாத்தின ஒலிம்பிக் ஓட்டக்காரர்

ஸ்லோ மோஷன்ல யாராவது ஓடினா நாம போடுற அந்த பியானோ பிஜிஎம் ஞாபகம் இருக்கா? 1981-ல் வந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தோட இசை அது. அந்தப் படத்தில் வர்ற ஓட்டக்காரர்களில் ஒருத்தர் ஹென்றி ஸ்டாலர்ட். நிஜமாவே வாழ்ந்தவர். ஆனா எனக்கு அவரைத் தெரிய வெச்சது படம் இல்ல, ஓவேலியில் எங்க பக்கத்து லைன் வீட்டுக் குட்டிப் பொண்ணு.

தீபாவளிக்கு எடுத்த போட்டோவில் அவளோட ஒரு கண்மணி வெள்ளையா மின்னுச்சு. ரெட்டினோபிளாஸ்டோமா, குழந்தைகளுக்கு வர்ற விழித்திரைப் புற்றுநோய். அந்தக் கண்ணை எடுக்க வேண்டியதாச்சு. இன்னொரு கண்ணிலும் சின்னக் கட்டி. அதுக்குக் கதிர்வீச்சுத் தகடு வெச்சாங்க. இதை யார் யோசிச்சிருப்பாங்கன்னு தேடினப்போதான் ஸ்டாலர்ட் கிடைச்சார்.

1901-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிச்சார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் நாலாவது இடம். கால் காயத்தோடயே 1500 மீட்டரும் ஓடி வெண்கலம் வாங்கினார். அப்புறம் லண்டனில் கண் மருத்துவர் ஆனார்.

அந்தக் காலத்தில் கண்ணில் புற்றுநோய்னா பெரும்பாலும் கண்ணையே எடுத்துடுவாங்க. அவரோட சீனியர் ஃபாஸ்டர் மூர், கட்டிக்குள்ளேயே ரேடான் விதையை வெச்சுப் பார்த்தவர். ஸ்டாலர்ட் அந்த வழியில் இன்னும் தூரம் போனார். உலகப்போரில் ராணுவ மருத்துவரா வேலை செஞ்சுட்டுத் திரும்பினவர், கண்ணோட வளைவுக்கு ஏத்த மாதிரி கோபால்ட்-60 தகடுகளை உருவாக்கினார். கட்டி இருக்கிற இடத்தில் கண்ணின் வெளிப்பக்கமா தகட்டைத் தைக்கணும், தேவையான டோஸ் போனதும் எடுத்துடணும். அவ்வளவுதான்.

இதோட லாஜிக் நமக்குத் தெரிஞ்சதுதான். தூரம் கூடக்கூட கதிர்வீச்சு வேகமா குறையும். அதனால பக்கத்தில் இருக்கிற கட்டிக்கு முழு அடி, தள்ளி இருக்கிற பகுதிக்குக் கம்மி. பார்வை மிஞ்ச வாய்ப்பு கிடைக்குது.

ஸ்டாலர்ட் 1973-ல் இறந்தார். கோபால்ட்டுக்குப் பதிலா இப்போ ருத்தேனியம், அயோடின் வந்தாச்சு. ருத்தேனியம் தகட்டை நம்ம பாபா அணு ஆராய்ச்சி மையமே தயாரிக்குது.

ஆனா தகடு எடுத்ததோட வேலை முடியாது. கதிர்வீச்சால் விழித்திரை ரத்தக்குழாய்கள் சில வருஷம் கழிச்சும் கெடலாம். அதைச் சீக்கிரம் கண்டுபிடிச்சா ஊசி, லேசர்னு வழி இருக்கு. அதான் அவளை மூணு மாசத்துக்கு ஒருதடவை கூடலூர் வழியா பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போறாங்க. ஒரு நாள் கூலி போகுது, ஆனா ஒரு செக்கப்பும் விட்டதில்ல.

உங்க வீட்டுக் குழந்தை போட்டோவில் கண்மணி வெள்ளையா தெரிஞ்சா, கேமரா கோளாறுன்னு விட்டுடாதீங்க. உடனே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க.