கூடிப் பேசிச் செய்த சட்டம்
துள்ளம் தந்த திரு.வி.க.

சென்னைக்கு மேற்கே போரூர். அங்கிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் ஒரு சிற்றூர். இன்று அதன் பெயர் தண்டலம். அந்தக் காலத்தில் துள்ளம். பூந்தமல்லியும் பக்கம்தான்.

1883-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி அந்த ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் விருத்தாசல முதலியார். தாயார் சின்னம்மாள். குழந்தைக்குக் கலியாணசுந்தரம் என்று பெயர் வைத்தார்கள்.

முன்னோர்களின் ஊர் திருவாரூர். ஊரின் பெயரில் இருந்து "திரு", தகப்பனார் பெயரில் இருந்து "வி", தம் பெயரில் இருந்து "க". இந்த மூன்றும் சேர்ந்து திரு.வி.க. ஆயிற்று. தமிழ்நாடே அவரை அந்தப் பெயரால் அழைத்தது.

படிப்பு நின்றது

குடும்பம் ராயப்பேட்டைக்குக் குடிவந்தது. சிறுவன் வெஸ்லி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். இடையில் கால் கை முடங்கிப் படுத்தான். பிறகு தேறி, மறுபடியும் பள்ளிக்குப் போனான்.

அங்கே தமிழாசிரியர் யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளை. அவர் மீது ஒரு வழக்கு வந்தது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனதால், மாணவரால் பரீட்சை எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அதோடு நின்றது.

ஆனால் தமிழ் நிற்கவில்லை. திரு.வி.க. ஆசிரியர் ஆனார். 1917-ல் "தேசபக்தன்" பத்திரிகைக்கும், 1920-ல் "நவசக்தி"க்கும் ஆசிரியர் ஆனார். மேடையில் நல்ல தமிழில் அரசியல் பேச முடியும் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

வீட்டில் துயரம். மனைவி கமலாம்பிகை 1918-ல் காலமானார். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. திரு.வி.க. மறுமணம் செய்துகொள்ளவில்லை. தொழிலாளர்களே அவருக்குக் குடும்பம் ஆனார்கள்.

யார் எழுதிய விதி?

அப்போது பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்காம், கர்நாட்டிக் என்ற இரண்டு பெரிய பஞ்சாலைகள் இருந்தன. பின்னி கம்பெனியார் அவற்றை நடத்தினர். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர்.

பொழுது விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். கை கழுவி, உண்டு, திரும்பி ஓடி வருவதற்குள் நேரம் போய்விடும்.

ஆலைக்கும் விதிகள் இருந்தன. அவற்றை எழுதியவர்கள் முதலாளிகள். கட்டுப்பட்டவர்கள் தொழிலாளர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்க்கார் செய்த சட்டங்களுக்கும் அவர்கள் சம்மதம் தந்ததில்லை. ஏழைக்கு அன்று ஓட்டு இல்லை.

இந்த நிலையில் 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் அதற்காக உழைத்தவர்கள். தலைவர் பி.பி.வாடியா. துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்று பலரும் சொல்வார்கள்.

இந்தச் சங்கத்தில் சேரும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சந்தா வசூலிக்கப் போலீசு இல்லை. அவரவர் மனம் ஒப்பிச் சேர்ந்தார்கள். கூடிப் பேசினார்கள். முடிவுக்குக் கட்டுப்பட்டார்கள். சட்டம் என்பது பலவந்தமாகத்தான் வர வேண்டுமா, சம்மதத்தாலும் வரலாமா என்ற கேள்விக்கு, படிக்காத ஏழைகள் சொன்ன பதில் அது.

ஐகோர்ட்டில் வழக்கு

1920-ல் தகராறு முற்றியது. ஆலைகள் கதவடைப்புச் செய்தன. வாடியா முதலிய சங்கத் தலைவர்கள் மீது கம்பெனி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தை முறிக்கும்படி தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஐகோர்ட்டு தடை உத்தரவு போட்டது.

இங்கிலாந்தில் 1906-ம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் தகராறில் சங்கத்தார் மீது இப்படி வழக்குப் போட முடியாது. அதே இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த சென்னையில் முடிந்தது!

வாடியா விலகினால் வழக்கைக் கைவிடுவதாகச் சமரசம் ஆயிற்று. 1921-ல் அவர் விலகினார். பாரம் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது.

புளியந்தோப்புத் துயரம்

அதே ஆண்டில் மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தது. இந்த முறை தொழிலாளர்களுக்குள்ளேயே பிளவு.

ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினர். வறுமை ஒரு காரணம். நம்பிக்கை இல்லாதது இன்னொரு காரணம். காலமெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேலைநிறுத்தத்துக்கு மட்டும் ஒன்றாக வா என்றால் எப்படி நம்புவார்கள்?

புளியந்தோப்பில் கலகம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29-ந் தேதி போலீசார் சுட்டார்கள். உயிர்கள் போயின. திரு.வி.க.வை நாடு கடத்தப்போவதாக கவர்னர் வில்லிங்டனின் சர்க்கார் மிரட்டியது. அவர் அசையவில்லை. ஆனால் வேலைநிறுத்தம் தோற்றது.

எல்லோரையும் சேர்க்காத உடன்பாடு நிலைக்காது. சேராதவர்களுக்கு அதுவும் ஒரு பலவந்தமாகவே தெரியும். பெரம்பூர் ரத்தம் சிந்திக் கற்ற பாடம் இது.

சட்டம் வந்தது

சென்னை வழக்கு நாடெங்கும் பேச்சாயிற்று. தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று என்.எம்.ஜோஷி டெல்லி சட்டசபையில் 1921-ல் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

ஏழு பேர் மனம் ஒத்துக் கூடினால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்று அன்று அந்தச் சட்டம் சொன்னது. தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியதாகச் சங்கத்தார் மீது வழக்குப் போட முடியாது. தொழிலாளர் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாட்டை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்காவல்

1925-ல் காஞ்சிபுரத்தில் நடந்த தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் திரு.வி.க. அதே காங்கிரசின் ஆட்சியில், 1947-ல், ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அப்போது வயது 63. ஆட்சி சொந்தக் கட்சியினுடையது என்பதால் தொழிலாளரை அவர் கைவிடவில்லை.

கடைசிக் காலத்தில் கண்பார்வை போயிற்று. படுத்தபடியே சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். சொந்த வீடு இல்லை. 1953-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி வாடகை வீட்டில் அவர் உயிர் பிரிந்தது.

அந்தப் பஞ்சாலைகள் இன்று இல்லை. அவர் பிறந்த ஊருக்கு வடக்கே, அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே சம்பள ஒப்பந்தம் போடும் நாளில், மேஜைக்கு ஒரு பக்கம் நிர்வாகம் உட்காரும், மறுபக்கம் சங்கம் உட்காரும். இரண்டு பக்கமும் பேசிக் கையெழுத்துப் போட்டால் அது இருவரையும் கட்டுப்படுத்தும்.

தொழிலாளிக்கு அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர், துள்ளத்தில் பிறந்த திரு.வி.க.