தாத்தா இரட்டைமலை சீனிவாசனார்: பட்டறிவால் உருவான தலைவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கோவையிலிருந்த கல்விச்சாலை ஒன்றில் ஏறத்தாழ 400 மாணாக்கர் பயின்றனர். பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அந்தணர். அங்கே ஒரு பிள்ளை மணியடிக்கும் வரை வகுப்பினுள் நுழைவதில்லை. வெளியே ஒதுங்கியிருந்து, பாடம் தொடங்குங்கால் உள்ளே செல்வான். பள்ளி விட்டதும் எவரும் நெருங்கிப் பேசுமுன் வீடு நோக்கி விரைவான். ஊரும் உறவும் கேட்டறிந்தால் தன் சாதி வெளிப்பட்டுவிடுமே என்னும் அச்சம். விளையாட்டை விரும்பாத பிள்ளையும் உண்டோ? அவன் விளையாடாமலே படித்தான்.

அப்பிள்ளையே பின்னாளில் நம்மவர் தாத்தா என உரிமையோடு அழைக்கும் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் தோன்றியவர். கல்வி முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1890-ஆம் ஆண்டு சென்னை வந்தார். வந்தவுடன் மேடையேறினாரல்லர். கிராமங்கள் தோறும் சென்று நம் மக்களின் வாழ்நிலையை நேரிற் கண்டறிந்தார்.

1893 அக்டோபரில் இதழ் ஒன்று தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. எந்தப் பெயர் வெளிப்படுமென அஞ்சிப் பள்ளிக்கு வெளியே நின்றாரோ, அப்பெயரையே முகப்பில் அச்சிட்டார்! மறைத்து வாழ்வதன் துயரை உடலால் அறிந்தவருக்கே இத்துணிவு வாய்க்கும் என்பது என் கருத்து. சாதிச் சான்றுக்கென விவரம் கேட்குங்கால் குரல் தாழும் மாணாக்கரை நான் என் ஆசிரியப் பணியில் பலகாற் கண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் இவ்விதழின் நினைவே எனக்கு வரும்.

அதே 1893-இல், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கோரினர். சீனிவாசனார் அதனை எதிர்த்து, 3412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். நாட்டுப்பற்றில்லாதவர் என்று அவரைப் பழித்தோர் உண்டு. தேர்வு இங்கே நடந்தால் உயர்பதவிகளில் அமர்வோர் யாவர் என்பதை அவர் நூலிற் கற்கவில்லை. கோவை வகுப்பறையிலேயே எண்ணிப் பார்த்திருந்தார்.

1896-இல் இதழில் வந்த ஒரு கடிதத்தின் பொருட்டு வழக்குத் தொடரப்பட்டு, 100 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. நம் மக்கள் பணமுடிப்புகளோடு நீதிமன்றத்துக்கே வந்து நின்றனர். தன்னை வெளிப்படுத்திக்கொண்டவன் தனியனல்லன் என்பதை அன்று அவர் கண்டிருப்பார்.

1900-இல் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் இருந்து, 1921-இல் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானம் 1924-இல் அம்மன்றத்தில் நிறைவேற அவரும் காரணர். தீர்மானம் தாளில் ஏறிய வேகத்தில் தெருவில் இறங்கவில்லை என்பதை நம் வட்டாரத்து முதியோர் நன்கறிவர். இளைஞர்களே, தாடிக்கொம்புச் சாலையில் நீங்கள் மிதிவண்டியிற் செல்லுங்கால் இதனைச் சற்றே எண்ணுங்கள்.

1930, 1931-ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் கலந்துகொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்பது யாதென வினவியபோது, நம்மவன் ஒருவன் தெருவில் வீழ்ந்து கிடந்தால் மேற்சாதியார் தூக்கிவிட மாட்டார் என்று விளக்கினார். மன்னர் திகைத்தார். பள்ளியில் பெயர் சொல்ல அஞ்சிய பிள்ளை, பேரரசரின் முன் தன் நிலையைத் தானே எடுத்துரைத்தான்.

1932 பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். முதுமையில், 1939-இல், தம் வாழ்வைச் சுருக்கி ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பட்டங்களும் பதவிகளும் வந்தபின்னும், மணியடிக்கும் வரை வெளியே காத்திருந்த அந்நாட்களை அந்நூலில் அவர் மறவாது குறித்திருக்கிறார். 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தார்.