பாறைகள் சொன்ன காலம்

மரத்தின் வயதை அதன் வளையங்கள் உணர்த்தும். பாறையின் வயதை உணர்த்துவது எது? இவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் நிலவியல் அறிஞர் ஆர்தர் ஹோம்ஸ்.

இவர் 1890ஆம் ஆண்டு வடகிழக்கு இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது என வீட்டிலிருந்த விவிலியத்தில் அச்சிடப்பட்ட குறிப்பு, சிறுவயதிலேயே அவரைச் சிந்திக்கத் தூண்டியது. புவி குளிர்ந்துவரும் வேகத்தைக் கொண்டு அதன் வயதை 2 முதல் 4 கோடி ஆண்டுகள் எனக் கெல்வின் கணித்திருந்த காலம் அது.

இயற்பியல் கற்க இலண்டன் சென்ற ஹோம்ஸ் நிலவியலின்பால் ஈர்க்கப்பட்டார். பாறையிலுள்ள யுரேனியம் மாறாத வீதத்தில் சிதைந்து காரீயமாகிறது; இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் பாறையின் வயது புலப்படும். இம்முறையால் நார்வே நாட்டுப் பாறை ஒன்றின் வயது 37 கோடி ஆண்டுகள் என 1911இல் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21.

பொருள் முடையால் அவ்வாண்டே கனிமம் தேடி மொசாம்பிக் சென்றார். அங்கே மலேரியா தாக்கியது. அவர் இறந்துவிட்டதாகவே தாயகத்திற்குச் செய்தி எட்டியது. உயிர் பிழைத்து மீண்டவர், 1913இல் புவியின் வயது குறித்த தம் நூலை வெளியிட்டார். 1920இல் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பணியேற்றுப் பர்மா சென்றார். நிறுவனம் நொடித்தது, மூன்று வயது மகனையும் நோய்க்குப் பறிகொடுத்தார். வெறுங்கையுடன் திரும்பிய அவர் சிலகாலம் கடை நடத்திப் பிழைத்தார். 1924இல் டர்ஹாம் பல்கலைக்கழகம் அவரை நிலவியல் துறைக்கு அழைத்துக்கொண்டது.

கண்டங்கள் நகர்கின்றன என்னும் வெகனரின் கருத்தைப் பலரும் புறக்கணித்தனர். நகர்த்தும் விசை எதுவென எவரும் காட்டவில்லை. புவியின் கவசத்தில் நிகழும் வெப்பச்சலனமே அவ்விசையாகலாம் என 1927இல் ஹோம்ஸ் விளக்கினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

எடின்பரோவில் பேராசிரியராக இருந்தபோது, 1947இல் புவியின் வயதை 335 கோடி ஆண்டுகள் எனக் கணித்தார். தென்னிந்திய, இலங்கைப் பாறைகளின் காலத்தையும் ஆராய்ந்தார். 1956இல் பேட்டர்சன் 455 கோடி ஆண்டுகள் என நிறுவியபோது, தம் பழைய கணக்கைப் பற்றிநில்லாமல் புதிய அளவை ஏற்றுக்கொண்டார்.

1964இல் வெட்லசன் பரிசு பெற்ற ஹோம்ஸ், அடுத்த ஆண்டு மறைந்தார். வறுமையும் இழப்பும் சூழ்ந்தபோதும் வினாவைக் கைவிடாத உறுதியும், சான்று மாறியபோது விடையை மாற்றிக்கொண்ட நேர்மையும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள்.