நெருப்புண்ட நிழல்கள்: ஹீராலால் சென் வாழ்வும் பணியும்

கல்லில் பொறித்தவை காலத்தை வென்று நிற்கின்றன. ஏட்டில் எழுதியவை சில நூற்றாண்டுகள் வாழ்கின்றன. ஒளியால் எழுதப்பட்டவையோ காப்பார் இல்லையெனில் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடுகின்றன. இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக விட்டுச் சென்றவர் வங்கம் ஈன்ற ஒளிப்பதிவாளர் ஹீராலால் சென். இந்திய சலனப்பட முன்னோடிகளுள் ஒருவராகிய அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இன்றைய பங்களாதேஷத்தைச் சேர்ந்த மாணிக்கஞ்சுப் பகுதியில் வசதி படைத்த வழக்கறிஞர் குடும்பமொன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் பிறந்தவர் ஹீராலால். இளமையிலேயே புகைப்படக் கலையில் நாட்டம் கொண்டு, போட்டிகளில் பரிசுகளும் பெற்றார். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் சலனப்படத்தைக் கட்டணம் பெற்றுக் காட்டினர். 1896 ஜூலை 7 அன்று பம்பாயின் வாட்சன் ஓட்டலில் அவர்தம் படங்கள் திரையிடப்பட்டன. 1898இல் கல்கத்தாவின் ஸ்டார் நாடக அரங்கில் ஸ்டீவன்சன் என்னும் வெள்ளையர் பயாஸ்கோப்புக் காட்டினார். அதனைக் கண்ட ஹீராலாலின் உள்ளம் அக்கலையிலேயே நிலைத்துவிட்டது. ஸ்டீவன்சனின் கருவியையே துணையாகக் கொண்டு, 'பாரசீகத்தின் மலர்' என்னும் இசை நாடகத்தின் நடனக் காட்சியைப் படமாக்கினார். பின்னர் இலண்டனிலிருந்து கருவியொன்றைத் தருவித்து, தம்பி மோதிலாலுடன் இணைந்து 'ராயல் பயாஸ்கோப்' நிறுவனத்தைத் தொடங்கினார்.

அக்காலத்து ஒளிப்பதிவாளரின் பணி எத்தகையது என்பதை இன்றைய மாணவர்கள் அறிதல் நன்று. கருவியை இயக்க மின்விசை கிடையாது. கைப்பிடியைச் சுழற்றித்தான் படம் எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டுப் படங்கள் வீதம், நொடிக்கு இரண்டு சுற்றுகள் சுற்றுவது வழக்கம். கை சற்றுத் தளர்ந்தால் திரையில் மனிதர்கள் ஓடுவர். சற்று விரைந்தால் ஊர்ந்து செல்வர். இதனால் மனத்துக்குள் எண்ணிக்கை வைத்துக்கொண்டே சுற்றுவர். படச்சுருளின் ஒளி உணர்திறன் குறைவாதலின் கதிரவனே பெருவிளக்கு. எடுத்த சுருளை இருட்டறையில் கழுவுவதும், பிரதி எடுப்பதும், ஊர் ஊராகச் சுமந்து சென்று திரையிடுவதும் பெரும்பாலும் அதே மனிதரின் வேலை. கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்ததே 1899இல்தான். மின்சாரம் இல்லாத இடங்களில், சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன் கலந்த சுடரில் காய்ச்சி, அது உமிழும் வெண்ணொளியைக் கொண்டே படம் காட்டினர். கலைஞரும் தொழிலாளியும் விஞ்ஞானியும் ஒருவரே என்று சொன்னால் அது மிகையன்று.

இத்தனை இடர்களுக்கிடையே ஹீராலால் ஆற்றிய பணி வியப்புக்குரியது. அமரேந்திரநாத் தத்தர் நடத்திய கிளாசிக் நாடக அரங்கோடு இணைந்து, அங்கு அரங்கேறிய நாடகங்களின் காட்சிகளைப் படமாக்கினார். அவற்றுள் தலையாயது 1903ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்'. ஆயிரத்தோர் இரவுகளோடு சேர்ந்து உலகெங்கும் பரவிய அக்கதை, வங்க மேடை வழியாகத் திரையேறியது. ஜபாகுசும் கூந்தல் தைலம், எட்வர்ட்ஸ் டானிக் ஆகியவற்றுக்காக அவர் எடுத்தவை இந்தியாவின் முதல் விளம்பரப் படங்களாகக் கருதப்படுகின்றன.

1905இல் கர்சன் பிரபு வங்கத்தை இரண்டாகப் பிரித்தார். கிழக்கு வங்க முஸ்லிம்களில் ஒரு சாரார் அதனை வரவேற்க, கல்கத்தாவில் எதிர்ப்பு அலை எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று நகர மண்டபத்தில் கூடிய பெருந்திரளை ஹீராலால் படம் பிடித்தார். இந்தியாவின் முதல் அரசியல் படம் என்று அறிஞர் பலரும் சுட்டுவது இதனையே. ஆட்சியாளரின் ஊர்வலங்களையே பெரிதும் பதிவு செய்துவந்த கருவி, மக்களின் பக்கம் திரும்பிய நாள் அது.

ஆயினும் கலைத்திறம் வேறு, வணிகத்திறம் வேறு. பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஃபிராம்ஜி மதன் 1902இல் கல்கத்தா மைதானத்தில் கூடாரமடித்துப் படம் காட்டத் தொடங்கி, விரைவில் அத்தொழிலில் பேரரசராக உயர்ந்தார். அவரோடு போட்டியிட ஹீராலாலால் இயலவில்லை. சகோதரர்களிடையே பிணக்கும் மூண்டது. 1913ஆம் ஆண்டோடு அவரது படப்பிடிப்பு முடிவுற்றது. வறுமையும் புற்றுநோயும் அவரை ஒருங்கே வாட்டின. 1917 அக்டோபரில், அவர் நோய்ப்படுக்கையில் கிடந்த வேளையில், படச்சுருள்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கில் தீப்பற்றியது. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டு கலந்தவை. ஒரு பொறி பட்டால் போதும், அணைத்தற்கு அரிது. பல்லாண்டு உழைப்பு முழுவதும் சாம்பலாயிற்று. சில நாட்களுக்குள் ஹீராலாலும் கண்மூடினார்.

இழப்பு அத்தோடு நிற்கவில்லை. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனும் பெருமை, 1913இல் வெளிவந்த தாதாசாகிப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்கு வழங்கப்படுகிறது. அதன் சில பகுதிகளேனும் எஞ்சியுள்ளன. 'அலிபாபா' அதற்கு முந்தைய முழுநீளப் படம் என்பாரும், நாடகக் காட்சிகளின் தொகுப்பே என்பாரும் உளர். வழக்கைத் தீர்க்க ஓர் அடிச் சுருளும் இல்லை. பால்கேயின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. சான்று அழிந்தால் உரியவரின் உரிமையும் உடன் அழியும் என்பதையே சுட்டுகிறோம்.

தென்னகத்தின் நிலையும் இதுவே. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்படுமுன் மறைந்தவை எத்தனையோ!

தமிழ்த்துறை மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொன்மையான நூலாகிய பல்சந்தமாலையில் நமக்குக் கிடைத்தவை எட்டுப் பாடல்களே. உமறுப்புலவரின் சீறாப்புராணமோ 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறி, இன்று எல்லோர் கையிலும் தவழ்கிறது. காத்தவர் இருந்தது நின்றது, இல்லாதது சிதைந்தது. நபிமொழிகளை ஒவ்வோர் அறிவிப்பாளரின் பெயரோடும் ஆராய்ந்து காத்த அறிஞர் பெருமக்களின் வழி வந்தவர்கள் நாம். காக்கும் கடமையை நமக்கு ஒருவர் கற்பிக்க வேண்டுமோ?

நம் இல்லத்துப் பெட்டிகளில் பாட்டனார் எழுதிய அரபுத்தமிழ் ஏடு இருக்கலாம்; பழைய புகைப்படம் இருக்கலாம்; பள்ளிவாசல் கணக்கேடு இருக்கலாம். பெரியோர்கள் அவற்றை எடுத்துக் காட்டட்டும். மாணவர்கள் அவற்றில் உள்ளோரின் பெயரையும் ஆண்டையும் கேட்டு எழுதிப் படியெடுக்கட்டும். கைப்பிடியைச் சுழற்றிய அந்தக் கரத்தின் உழைப்பை நாம் காண இயலவில்லை. எஞ்சியிருப்பவற்றையேனும் தீக்கும் கரையானுக்கும் கொடாது காப்போம். அதற்கு வல்ல இறைவன் துணை நிற்பானாக.