முடித்தும்பையும் ஒல்லாந்தர் கால மருத்துவரும்

கல்முனைக் கரையோர மணலில் முடித்தும்பை பூத்திருக்கக் காணுந்தோறும் பவுல் ஹெர்மனை நினைக்கிறேன். நாற்கோணத் தண்டு, எதிரெதிர் இலைகள், உதடு பிளந்த வெண்பூ ஆகியவை அதனைத் துளசிக் குடும்பத்ததெனக் காட்டும். 1646இல் ஜெர்மனியின் ஹாலே நகரிற் பிறந்த ஹெர்மன், ஒல்லாந்தர் கும்பனியின் மருத்துவராக 1672இல் இலங்கை வந்தார். நோயாளரைப் பார்த்தது போக எஞ்சிய பொழுதிற் செடிகளைச் சேகரித்து, உலர்த்தித் தாள்களில் ஒட்டினார். முடித்தும்பையும் அவற்றுள் ஒன்று. பின்னர் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1695இல் அத்தொகுப்பை அச்சேற்றாமலே மறைந்தார். அரை நூற்றாண்டின்பின் அதனை டென்மார்க்கிலிருந்து பெற்ற லின்னேயசு, 1747இல் இலங்கைத் தாவரநூலை வெளியிட்டார். முடித்தும்பையின் அறிவியற் பெயராகிய லியூக்காசு சைலானிக்காவில் இலங்கை உண்டு, ஹெர்மன் இல்லை. அவர் பெயர் தாங்கும் ஹெர்மானியாவோ பெரும்பாலும் ஆபிரிக்கச் செடியினம்!